டிப் தேய்ந்த ட்ரெக்கிங் போல்: முனையை மட்டும் மாற்றலாமா, கம்பையே மாற்றணுமா?

நொய்யல் நடையன் (சூலூர்), திங்கள் இரவு 9.40

வணக்கமுங்க. மூன்று வருடமாக ஒரே ஜோடி ட்ரெக்கிங் போல்தான் (மலை நடைக்கான ஊன்றுகம்பு) வைத்திருக்கிறேன். கார்பன் கம்பு, மூன்று துண்டு, லீவர் பூட்டு. தைப்பூசத்துக்குப் பல்லடம், உடுமலை வழியாகப் பழனிக்கு நடந்தோம். பல்லடம் தாண்டுவதற்குள் வலது கம்பின் ரப்பர் புஷ் (முனையில் மாட்டுகிற ரப்பர் உறை) எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. இடது கம்பில் இருந்ததையும் 'ஒன்று மட்டும் எதற்கு' என்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மிச்ச தூரம் முழுக்கத் தார் ரோட்டில் வெறும் முனையை ஊன்றியே போய்ச் சேர்ந்தேன். அந்த டக் டக் சத்தத்துக்கு முன்னால் போன காவடிக்காரர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன வாரம் வெள்ளியங்கிரி ஏறினோம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது கைதட்டிச் சுனைக்குக் கீழே ஒரு பாறையில் வலது கம்பை ஊன்றி எடையைப் போட்டேன். சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய்விட்டது. உட்கார்ந்த வாக்கில் விழுந்து முழங்கையில் தோல் பெயர்ந்தது. வீட்டுக்கு வந்து கழுவிப் பார்த்தால் வலது கம்பின் முனையில் இரும்பே இல்லை. பிளாஸ்டிக் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்வாக, பிளேடால் சீவின பென்சில் மாதிரி இருக்கிறது. இடது கம்பில் பாதி மிச்சம்.

வாங்கின கடையில் கேட்டால், "இந்த மாடல் இப்போ வர்றதில்லைங்க, புது ஜோடி எடுத்துக்கங்க" என்கிறார்கள். கம்பு, பூட்டு, கைப்பிடி எல்லாம் கல்லாட்டம் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப்பாதைக்குப் போக டிக்கெட் போட்டாயிற்று. தோரோங் லா கணவாய் 5,416 மீட்டர். அங்கே போய் இப்படி விழ முடியாது. முனையை மட்டும் மாற்ற வழி உண்டா?


பட்டறைவாசி (கணபதி), திங்கள் இரவு 10.15

முதலில் ஒரு திருத்தம். அது இரும்பு இல்லீங்க, டங்ஸ்டன் கார்பைடு. நாங்கள் லேத்தில் கடைசல் பிடிக்கிற டூலின் நுனியில் வைக்கிற அதே சரக்கு. டங்ஸ்டன் கார்பைடு பொடியைக் கோபால்ட்டோடு கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு எடுப்பார்கள். உங்கள் கம்பில் அது ஒரு சுண்டு விரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். அதைச் சுற்றி இருக்கும் நீளமான பிளாஸ்டிக் கூம்புதான் டிப். கம்பின் அடியில் இறுக்கமாகச் செருகியிருப்பார்கள், அவ்வளவுதான்.

புது டிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கார்பைடு கூராக இருக்காது. நடுவில் குழிந்து, ஓரம் மட்டும் மேலே நிற்கும், குட்டிக் கிண்ணம் மாதிரி. அந்த ஓரம்தான் பாறையைக் கடித்துப் பிடிக்கிறது. ஓரம் தேய்ந்து உருண்டையானதுமே பிடிப்பு போய்விடும். அப்போது பார்ப்பவர்களுக்கு 'இன்னும் நிறைய இருக்கே' என்று தோன்றும். கட்டை விரல் நகத்தில் முனையை லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். நகத்தைச் சுரண்டினால் உயிர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் அது வெறும் குமிழ்.

கம்பை மாற்ற வேண்டாம். டிப் தனியாகக் கிடைக்கும். மாடல் பெயரை விடுங்கள், அளவுதான் முக்கியம்.


மூங்கில் கட்சி (தொண்டாமுத்தூர்), திங்கள் இரவு 10.31

பூண்டி அடிவாரத்தில் ஒரு மூங்கில் தடி வாங்கியிருந்தால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. ஏழு மலையும் ஏறி இறங்கலாம், முனை பிளந்தால் அரிவாளால் ஒரு வெட்டு. கீழே வந்து வேறு யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகலாம்.


நொய்யல் நடையன், திங்கள் இரவு 10.44

அண்ணா, அந்தத் தடியோடு காத்மாண்டு விமானத்தில் ஏற்றுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்க.


தாத்தன் தடி (காங்கேயம்), செவ்வாய் காலை 6.05

தம்பி, கடைக்காரர் சொல்வதைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. எங்கள் அப்பாருவின் கைத்தடி இன்னும் வீட்டில் இருக்கிறது. அதன் அடியில் பித்தளைப் பூண். அவர் இருந்த காலத்தில் அந்தப் பூணை மூன்று தடவை மாற்றியிருப்பார்கள், தடி ஒன்றேதான். உலக்கைக்கும் அப்படித்தான். பூண் போனால் பூண் போடுவோம், உலக்கையை யாரும் வீசுவதில்லை.

வண்டி மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர் ஒன்று சொல்வார். லாடம் முழுக்கத் தேயட்டும் என்று காத்திருந்தால் அடுத்துத் தேய்வது குளம்பு. உங்கள் வலது கம்பில் பிளாஸ்டிக் சாய்வாகப் போயிருக்கிறது என்றால் குளம்பு தொடங்கிவிட்டது. கார்பன் கம்பு வரைக்கும் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்க.


ஆனைமலை அம்மிணி (பொள்ளாச்சி), செவ்வாய் காலை 11.20

நான் இதுவரை நான்கு ஜோடி டிப் மாற்றியிருக்கிறேன், ஒரே கம்புக்கு. அதில் ஒரு ஜோடி ஸ்பெயினில் சாந்தியாகோ யாத்திரைப் பாதையில் தேய்ந்தது. பிரான்ஸ் எல்லையிலிருந்து ஏறக்குறைய 780 கிலோமீட்டர். பாதி மண், பாதி தாரும் கல் பாவிய தெருவும். இப்போது நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன், வேறு விதமும் இருக்கலாம்.

முதலில் பாஸ்கெட்டை, அதாவது டிப்புக்கு மேலே இருக்கிற வட்டத் தட்டைக் கழற்றுங்கள். திருகு வகையாக இருந்தால் மண் ஏறி இறுகியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துவிட்டுத் திருகினால் வரும். பிறகு அடித்துண்டை மட்டும் மேல் துண்டிலிருந்து முழுவதுமாக உருவி எடுத்துவிடுங்கள். முழுக் கம்போடு அடுப்புக்குப் பக்கத்தில் போனால் கை நீளம் பத்தாது, பூட்டிலும் தண்ணீர் ஏறும்.

ஒரு ஆழமான பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, டிப்பை மட்டும் முங்குகிற மாதிரி நிறுத்துங்கள். மூன்று, நான்கு நிமிடம். பிளாஸ்டிக் சூட்டில் விரிந்து இளகும், கம்பு அவ்வளவு விரியாது. அதுதான் சங்கதி. வெளியே எடுத்த உடனே, ஆற விடாமல், டிப்பைப் பிளேயரால் பிடித்துத் திருப்பித் திருப்பி இழுக்க வேண்டும். பிடிக்க வேண்டியது டிப்பை. கம்பைப் பிளேயரால் தொடவே கூடாது, அதைத் துணி சுற்றிக் கையால் பிடியுங்கள். ஒரு தடவையில் வராது. மறுபடி முக்குங்கள், மறுபடி திருப்புங்கள். எனக்கு ஒரு கம்பு மூன்றாம் தடவையில்தான் 'பொளக்' என்று வந்தது. வீட்டுக்காரர் பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டார். இழுக்கிறவருக்குப் பின்னால் இடம் இருக்கட்டும்.

கழன்றதும் கம்பைத் தலைகீழாகச் சாய்த்து உள்ளே போன தண்ணீரை வடியவிட்டு, ஒரு ராத்திரி காற்றில் வையுங்கள். புது டிப் போட அந்த அளவு பாடில்லை. கையால் செருகி, டிப்பின் முனையில் பழைய ரப்பர் புஷ்ஷை மாட்டி, கம்பை நேராகப் பிடித்து சிமெண்ட் தரையில் நாலு குத்து. நடக்க நடக்க அதுவே இறுகிக்கொள்ளும்.

இன்னொன்று. ஒரு பக்கமாகத் தேய்வதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கையில் வார் மாட்டி ஊன்றும்போது கம்பு எப்போதும் ஒரே சாய்வில்தான் தரையில் படும், அதனால் முன்பக்க ஓரம் முதலில் போகும். உங்களது உருண்டைக் கம்பு, லீவர் பூட்டு. தினமும் காலையில் பூட்டைத் தளர்த்தி அடித்துண்டை அரைச் சுற்று திருப்பிவிட்டுப் பூட்டுங்கள். தேய்மானம் சுற்றிலும் சமமாகப் பரவும். இதற்குக் காசு கிடையாது, நேரமும் கிடையாது. எனக்கு இது உறைத்தது மூன்றாவது ஜோடியில்தான்.


ஊட்டி இறக்கம் (மேட்டுப்பாளையம்), செவ்வாய் மதியம் 1.10

அக்கா சொன்ன கொதிநீர் வைத்தியம் ஊட்டியில் என் மச்சான் வீட்டில் செய்தபோது சண்டித்தனம் பண்ணியது. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் சூடு ஏறாது. அங்கே செய்கிறவர்கள் அடுப்பை அணைக்காமல் கூடுதல் நேரம் வைக்கணும். நான் பொறுமையில்லாமல் கேஸ் அடுப்புத் தீயில் நேராகக் காட்டினேன். டிப் வந்தது. கம்பின் நுனியில் கறுப்பு பெயிண்ட் கொப்புளித்து, கார்பன் இழை துடைப்பக்குச்சி மாதிரி பிரிந்து நின்றது. இழைகளை ஒட்டிப் பிடித்திருப்பது எபாக்ஸி பிசின், தீயில் அது வெந்துவிட்டது. அந்தத் துண்டு இப்போது எங்கள் வீட்டில் தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.


சொந்தச் செலவில் (ஈரோடு), செவ்வாய் மாலை 4.50

இவ்வளவு எதற்கு? லேத்தில் கொடுத்து எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண எஃகு) ராடில் ஒரு கூர் கடைந்து, பழைய பிளாஸ்டிக்கிலேயே ஓட்டை போட்டுச் செருகினால் வேலை முடிந்தது. நான் அப்படித்தான் செய்தேன். சென்னிமலை படியில் நன்றாகவே நின்றது.


ரிக்கு வண்டி (திருச்செங்கோடு), செவ்வாய் மாலை 6.35

எத்தனை நாள் நின்றது என்று சொல்லவில்லையே.

நாங்கள் போர்வெல் குடும்பம். எங்கள் ஊரிலிருந்து ரிக் வண்டி போகாத மாநிலம் குறைவு. பாறையில் ஆறரை அங்குலத் துளை இறக்குகிற பிட்டின் முகத்தில் வரிசையாகக் குமிழ் குமிழாகப் பட்டன் இருக்கும். பிட்டின் உடம்பு எஃகு, பட்டன் அத்தனையும் கார்பைடு. ஏன் உடம்போடு சேர்த்து எஃகிலேயே பட்டனும் பண்ணவில்லை? நம் பாறையில் குவார்ட்ஸ் இருக்கிறது, வெள்ளைக்கல் என்பார்களே அது. கடினத்தன்மைக்கு 10 வரை போகிற மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. சாதாரண எம்.எஸ். 4-ஐ ஒட்டித்தான் வரும். கார்பைடு 9-ஐ ஒட்டி இருக்கும். மிருதுவான பொருள் கடினமானதன் மேல் உரசினால் எது தேயும் என்று சொல்லத் தேவையில்லை. அம்மிக்கல்லில் சந்தனக் கட்டையை இழைக்கிற மாதிரிதான்.

ஆனால் கார்பைடுக்கு ஒரு குறை உண்டு. தேய்மானம் தாங்கும், அடி தாங்காது. பாறை இடுக்கில் சிக்கிய கம்பைப் பக்கவாட்டில் நெம்பினால் ஓரம் சில்லாகத் தெறித்துவிடும்.


சொந்தச் செலவில், செவ்வாய் மாலை 7.02

சரி, ஒப்புக்கொள்கிறேன். கொல்லிமலையில் ஆகாயகங்கை அருவிக்கு இறங்கி ஏறியதற்கே முனை மழுங்கிவிட்டது. அப்புறம் அதை வீட்டில் தேங்காய் உரிக்க வைத்துக்கொண்டேன்.


நொய்யல் நடையன், செவ்வாய் இரவு 9.15

ரிக்கு அண்ணா, அப்படியானால் தேய்ந்த கார்பைடை மறுபடி சாணை பிடிக்க முடியாதா? உங்கள் பட்டனைப் பிடிப்பார்கள்தானே?


ரிக்கு வண்டி, செவ்வாய் இரவு 9.40

பட்டன் தட்டையானால் வைரத்தூள் பதித்த டைமண்ட் கப் வைத்து மறுபடி குமிழாக்குவோம், அதற்கென்றே மெஷின் இருக்கிறது. பிட்டின் விலைக்கு அது கட்டும். உங்கள் மூக்குத்தி அளவுக் கார்பைடுக்கு யார் பிடிப்பார்கள்?


பட்டறைவாசி, செவ்வாய் இரவு 9.58

நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன், ஆர்வக்கோளாறுதான். சாதாரணச் சாணைக்கல்லில் கார்பைடு அசையாது, அதற்கென்றே வருகிற பச்சைநிறச் சாணைக்கல், நாங்கள் பச்சைக்கல் என்போம், அது வேண்டும். பச்சைக்கல்லில் தட்டையாகத் தேய்க்கலாமே தவிர நடுக்குழியை எடுக்க முடியாது. அதற்குள் பிளாஸ்டிக் சூடேறி உருகிக் கார்பைடே தனியாகக் கழன்று தொட்டித் தண்ணீரில் விழுந்தது. புது டிப்பின் விலைக்கு மேல் என் நேரம் போனது. வேண்டாம்.


நொய்யல் நடையன், வியாழன் இரவு 8.30

ஒரு தப்பு பண்ணிவிட்டேன், திட்டாமல் படியுங்கள்.

அம்மிணி அக்கா சொன்ன மாதிரி கொதிநீரில் வைத்து எடுத்தேன். இடது கம்பு இரண்டாம் முக்கில் வந்துவிட்டது. வலது அசையவே இல்லை. ஐந்து தடவை முக்கினேன். எரிச்சலில், பக்கத்து வீட்டு பிளம்பரிடம் பைப் ரென்ச் வாங்கி வந்து, கம்பை அதில் பிடித்து டிப்பைத் திருப்பினேன். 'கிரக்' என்று ஒரு சத்தம். கம்பில் டிப்புக்கு நாலு விரல் மேலே ரென்ச் பல் பதிந்து பெயிண்ட் பெயர்ந்திருக்கிறது. உள்ளே முறிந்துவிட்டதா என்று தெரியவில்லை. டிப் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, மகராசன் மாதிரி.


ஆனைமலை அம்மிணி, வியாழன் இரவு 8.41

கம்பைத் தொடக்கூடாது என்று எழுதினேனா இல்லையா?


நொய்யல் நடையன், வியாழன் இரவு 8.43

எழுதினீங்க அக்கா.


பட்டறைவாசி, வியாழன் இரவு 9.05

பதறாதீங்க. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, கம்பின் நல்ல இடத்தில் லேசாகத் தட்டுங்கள். 'டிக் டிக்' என்று தெளிவாகக் கேட்கும். அப்படியே தட்டிக்கொண்டே ரென்ச் பட்ட இடத்துக்கு வாருங்கள். அங்கே சத்தம் பொதபொதவென்று செத்துப்போனால் உள்ளே அடுக்கு பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் துண்டை நம்ப வேண்டாம். சத்தம் மாறவில்லை என்றால் பெயிண்டோடு போயிற்று.

கார்பன் குழாய் நீளவாட்டில் நிறையச் சுமை தாங்கும். பக்கவாட்டில் ஒரு இடத்தில் கடித்தால் முட்டை ஓடுதான். இனி வீட்டில் எதுவும் செய்யாதீங்க, ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கொண்டு வாங்க. அதற்குள் இடது கம்பின் வெறும் நுனியை வெர்னியர் அளவுகோலில் அளந்து புது டிப் வரவழைத்துவிடுங்கள்.


பனியன் ஊர் (திருப்பூர்), வெள்ளி காலை 10.25

டிப் பேச்சு நடக்கிற இடத்தில் ரப்பர் புஷ்ஷையும் பேசிவிடலாம். அது ரோட்டில் விழுந்ததுதானே இத்தனைக்கும் மூலம்.

மெடிக்கல் கடையில் விற்கிற கைத்தடி புஷ் இதற்கு ஆகாது. அதன் துளை பெரிசு, லொடலொடக்கும். ட்ரெக்கிங் போலுக்கென்றே விற்பதை வாங்குங்கள், டெக்கத்லான் மாதிரிக் கடைகளில் கிடைக்கிறது. மாட்டும் முன் டிப்பையும் புஷ்ஷின் உள்பக்கத்தையும் துடைத்து ஈரமில்லாமல் மாட்டணும். மண்ணோ எண்ணெயோ இருந்தால் பத்து கிலோமீட்டரில் நழுவும். சேற்றில் கால் வைக்கும் முன் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். வயல் வரப்புச் சேறு புஷ்ஷைக் கவ்விக்கொண்டு கம்பை மட்டும் திருப்பிக் கொடுக்கும்.

மலிவான புஷ்ஷில் இன்னொரு கோளாறு, உள்ளேயிருந்து கார்பைடு ரப்பரைக் குடைந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்துவிடும். நல்ல புஷ்ஷில் உள்ளே ஒரு இரும்பு வில்லை இருக்கும். இல்லாததற்கு நான் ஹார்டுவேர் கடையில் 6 எம்.எம். போல்ட்டுக்குப் போடுகிற வாசர் ஒன்றை உள்ளே தள்ளிவிடுகிறேன். கிலோ கணக்கில் விற்கிற சாமான், நாலைந்தைச் சும்மாவே கொடுத்தார்கள். போன வருடப் பாதயாத்திரை முழுக்க ஒரே ஜோடி புஷ் தாங்கியது.


மூங்கில் கட்சி, வெள்ளி காலை 11.00

பாறைக்கு ரப்பரா, கார்பைடா? ஷூவுக்கு அடியில் ரப்பர்தானே இருக்கிறது, அது பிடிக்கும்போது கம்புக்கு மட்டும் ஏன் உலோகம்?


ஆனைமலை அம்மிணி, வெள்ளி மதியம் 12.15

கேள்வி நியாயம்தான். காய்ந்த வழவழப்பான பாறையில் ரப்பர் நன்றாகவே பிடிக்கும், சத்தமும் இல்லை. கார்பைடு ஊன்றின பாறையில் வெள்ளை வெள்ளையாகக் கீறல் விழும். ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கிற பாதையில் அது நிரந்தரமாக நின்றுவிடும், பார்க்க அசிங்கம். ஆனால் ஈரம், மணல் தூவின பாறை, புல், இறுகின மண், இதிலெல்லாம் ரப்பர் சறுக்கும். ஷூவின் மேல் உங்கள் முழு எடையும் பரந்து நிற்கிறது, கம்பின் மேல் அதில் கொஞ்சம்தான், அதுவும் சாய்வாக. பாசி படிந்த ஈரப்பாறையில் இரண்டையும் நம்பாதீர்கள். அங்கே கம்பை இரண்டு பாறைக்கு நடுவில் இருக்கிற மண்ணில் ஊன்றுங்கள்.

என் வழக்கம்: தார், சிமெண்ட், கோயில் படி என்றால் ரப்பர். காட்டுப் பாதை தொடங்கியதும் கழற்றிவிடுவேன். ஆழியாறு பக்கம் வனத்துறை வழிகாட்டியோடு நடந்தபோது அவர் புஷ் மாட்டச் சொன்னார், கம்புச் சத்தத்துக்கு மிருகம் விலகிப்போகுமாம். பார்க்கத்தானே வந்தோம், மாட்டிக்கொண்டேன்.


ஊட்டி இறக்கம், வெள்ளி மாலை 5.30

டிப் லூசாக இருந்தால் எபாக்ஸி வைத்து ஒட்டிவிடலாமா? சொல்வதற்கு முன்னால் கேட்டுக்கொள்கிறேன், ஏற்கெனவே ஒரு கம்பு தக்காளிக்குப் போயிருக்கிறது.


பட்டறைவாசி, வெள்ளி இரவு 9.20

ஒட்டினால் அடுத்த தடவை கழற்ற முடியாது. அதை விட முக்கியம், அந்தப் பிளாஸ்டிக் டிப் சாகப் பிறந்தது. பாறை இடுக்கில் மாட்டி வளையும்போது முதலில் அது வளையணும், மீறினால் அது உடையணும், கம்பு பிழைக்கணும். மோட்டாருக்கு ஃபியூஸ் மாதிரி.

கொஞ்சம் தளர்வு என்றால் கம்பின் நுனியில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று. அதற்கும் நிற்கவில்லை என்றால் துப்பாக்கியில் உருக்கி வைக்கிற ஹாட் மெல்ட் பசை ஒரு துளி. அது சூட்டில் இளகும், பின்னால் கொதிநீரில் கழன்றுவிடும். மூன்று சுற்றுக்கு மேல் டேப் கேட்டால் அளவே தப்பு, திருப்பி அனுப்புங்கள்.

எண்ணெய் போடலாமா என்று போன வாரம் ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். டிப்புக்கும் வேண்டாம், துண்டுகளுக்கு நடுவிலும் வேண்டாம். எண்ணெய் பட்டால் லீவர் பூட்டின் பிடிப்பு போய், ஊன்றும்போது கம்பு உள்ளே இறங்கும். நடந்து வந்ததும் துண்டு துண்டாகக் கழற்றித் துடைத்துக் காய வைத்தால் போதும்.


நொய்யல் நடையன், ஞாயிறு இரவு 9.50

இரண்டும் முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், என்னை மாதிரி யாராவது தேடி வந்தால் உதவும்.

முதலில் இன்னொரு அசட்டுத்தனம். புதன்கிழமையே, டிப் கழலும் முன், அவசரப்பட்டு ஒரு ஜோடி டிப் ஆர்டர் போட்டிருந்தேன். பழைய டிப்பின் வெளிப்பக்கத்தை ஸ்கேலால் அளந்து போட்ட ஆர்டர். வந்ததை இடது கம்பில் மாட்டினால் மணி மாதிரி ஆடியது. அளக்க வேண்டியது டிப் கழன்ற பிறகு வெறும் கம்பின் நுனியை, அதுவும் இரண்டு இடத்தில். என் கம்பு நுனியில் 9.8 மில்லிமீட்டர், ஒரு அங்குலம் மேலே 10.3. கீழே போகப் போகச் சிறுக்கிறது. அந்த அளவுக்கு மறுபடி ஆர்டர் போட்டு நேற்று வந்தது.

காலையில் பட்டறைக்குப் போனேன். நாணயத்தைத் தட்டிப் பார்த்தார். ரென்ச் பதிந்த இடத்திலும் அதே 'டிக்'. பெயிண்ட்தான் போயிருக்கிறது. அப்புறம் ஒரு வேப்பமரக் கட்டையை எடுத்து, நடுவில் 12 எம்.எம். துளை போட்டு, துளை பாதிப் பாதியாகப் பிளக்கிற மாதிரி ரம்பத்தால் நீளவாட்டில் இரண்டாக அறுத்தார். துளையின் உள்ளே பழைய சைக்கிள் டியூப் துண்டு. இரண்டு பாதிக்கும் நடுவில் கம்பை வைத்து வைஸில் (பட்டறை மேஜையில் இருக்கிற திருகுப்பிடி) மெதுவாக இறுக்கினார். கம்பு அசையவில்லை, நசுங்கவும் இல்லை, பிடி சுற்றிலும் சமமாக விழுந்தது. டீ கொதிக்கிற பாத்திரத்தில் வெந்நீர் வாங்கி டிப்பில் துணி சுற்றி மேலே ஊற்றிக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடம். வாட்டர் பம்ப் பிளேயரால் டிப்பைப் பிடித்துக் கால் சுற்று அந்தப்பக்கம், கால் சுற்று இந்தப்பக்கம். மூன்றாவது திருப்பில் ஒரு 'கீச்'. உருவிக்கொண்டு வந்துவிட்டது.

உள்ளே பார்த்தால் ஏன் வரவில்லை என்று புரிந்தது. முன்னால் யாரோ மஞ்சளாகப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் டிப் ஆடுகிறது என்று ஏதோ வைத்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியை மூக்கில் இறக்கி ஒரு பார்வை பார்த்தார். பசையைச் சுரண்டி, கம்பின் நுனியை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, புது டிப்பைச் செருகி நாலு குத்து. நேற்று வரை பென்சில், இன்று நகத்தைச் சுரண்டுகிறது.

தாத்தன் தடி ஐயாவுக்கு: கார்பன் வரைக்கும் போகவில்லை. இன்னும் ஒரு பாதயாத்திரை தாங்கியிருக்காது என்று பட்டறைக்காரர் சொன்னார்.


தாத்தன் தடி, திங்கள் காலை 5.50

நல்லது கண்ணு. ஏன் வலது மட்டும் முழுக்கப் போயிருக்கிறது, இடது பாதி நிற்கிறது? இரண்டையும் ஒன்றாகத்தானே ஊன்றினீர்கள்?


நொய்யல் நடையன், திங்கள் காலை 7.15

வலது கைப்பழக்கம் ஐயா. தண்ணீர் குடிக்க, போன் எடுக்க எல்லாம் இடது கம்பைத்தான் தூக்கி அக்குளில் வைக்கிறேன். வலது விடாமல் ஊன்றிக்கொண்டே இருக்கும்.


ஆனைமலை அம்மிணி, திங்கள் காலை 9.30

அப்படியானால் அடித்துண்டு இரண்டையும் வாரத்துக்கு ஒரு தடவை கம்பு மாற்றிப் போடுங்கள். வாரில் இடது, வலது என்று குறி இருந்தாலும் அடித்துண்டுக்குக் கிடையாது. நேபாளத்துக்கு ஒரு ஜோடி புஷ் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். டிப் புதிது என்பதால் உபரி டிப் வேண்டாம், வழியில் வெந்நீர் கிடைத்தாலும் வைஸ் கிடைக்காது. கணவாயில் பனி கிடந்தால் சின்ன பாஸ்கெட் உள்ளே இறங்கிவிடும், அகலமான பனி பாஸ்கெட் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.


பட்டறைவாசி, செவ்வாய் இரவு 8.10

தம்பி, கழற்றின இடது டிப்பை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். வேண்டுமா?


நொய்யல் நடையன், செவ்வாய் இரவு 8.25

வேண்டாமுங்க, குப்பையில் போட்டுவிடுங்கள்.


பட்டறைவாசி, புதன் இரவு 9.00

குப்பையில் போடவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி எடுத்துக் கார்பைடைத் தனியாக்கி, ஒரு சின்ன ராடின் நுனியில் வெள்ளிப் பற்றாசு வைத்துப் பிடித்துவிட்டேன். பச்சைக்கல்லில் கொஞ்சம் கூராக்கினதும் நல்ல மார்க்கிங் ஊசி. இன்று மதியம் ஒரு பம்ப் ஷாஃப்டில் அதில்தான் கோடு போட்டேன்.


ரிக்கு வண்டி, புதன் இரவு 9.12

எங்கள் வீட்டில் தேய்ந்த பட்டன் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. பெரிய ஊசி வேண்டுமென்றால் சொல்லுங்க.